முகட்டைத் தாண்டிய குண்டு

வெர்னா நிஸ்கலாவுக்கு உட்கார வராது. சமைத்த கையோடு அடுப்பு மேடைக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டு முடித்துவிடுவாள். தொலைக்காட்சி பார்ப்பதென்றாலும் தோளில் ஒரு துண்டோடு நின்றபடிதான். தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் அவளுடைய வலது முழங்கால் ஆடத் தொடங்கும். அந்தப் பெஞ்சில் இருக்கும் ஆறு பேரும் கூடவே ஆடுவார்கள். கணவன் கோர்டன் மெல்ல அவள் முழங்கால் மேல் கையை வைப்பான். ஆட்டம் நின்று இடது காலுக்கு மாறும்.

இப்படிப்பட்டவள் எப்படி மான் வேட்டைக்காரி ஆனாள் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. நவம்பர் குளிரில், பொழுது புலரும் முன்னே போய் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, இருமலையும் தும்மலையும் விழுங்கிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "காட்டுல உக்காந்தா மட்டும் எனக்குள்ள ஓடுற மோட்டார் கொஞ்சம் மெதுவா ஓடும்" என்பாள். நின்றுபோகும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் ஒட்டுப்பலகை மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மேப்பிள் தடிகளை ஆப்பிள் தோல் சீவுவதுபோல மெல்லிய ஏடுகளாகச் சீவி, சுழலும் உருளைகளுக்கு நடுவே விட்டுக் காயவைக்கும் இடம். நாள் முழுக்க நடக்க வேண்டும், குனிய வேண்டும், தூக்க வேண்டும். அவளுக்கென்றே செய்துவைத்த மாதிரி வேலை. இருபத்தெட்டு வருடம் செய்தாள். நாற்பத்தேழாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, உருளையில் சிக்கிய ஏட்டை எடுத்துவிட இயந்திரத்தை நிறுத்தாமலே கையை நீட்டினாள். நிறுத்தினால் மறுபடி சூடேறி ஓட நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷம் சும்மா நிற்க அவளால் ஆகவில்லை. உருளை கையுறையைப் பிடித்தது. கையுறை கையைக் கூட்டிக்கொண்டு போனது.

விரல்கள் ஐந்தும் பிழைத்தன. வலது மணிக்கட்டு பிழைக்கவில்லை. டாக்டர் தகடு வைத்து, திருகாணி போட்டு, முன்கையையும் உள்ளங்கையையும் ஒரே எலும்பாக்கிவிட்டார். விரல் மடங்கும், பேனா பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடும். ஆனால் கதவுக் குமிழைத் திருப்ப வேண்டுமென்றால் தோளிலிருந்து முழு உடம்பையும் சாய்க்க வேண்டும். மில்காரர்கள் அவளை வாசலில் உள்ள எடைமேடைக் கூண்டுக்கு மாற்றினார்கள். தடி ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை பார்த்து அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரம் நாற்காலி. கோர்டனிடம் போனில் சொன்னாள்: "கையை நசுக்கினாங்க, சரி. இப்ப உக்கார வேற வெச்சுட்டாங்க."

கோர்டன் இரும்புத்தாது ஏற்றிப்போகும் கடல் மாதிரி விரிந்த ஏரிகளில் ஓடும் கப்பலில் எஞ்சின் வேலை பார்ப்பவன். மார்ச்சில் போனால் ஜனவரியில்தான் வீடு. நவம்பர் மாதத்தில் அவன் இருந்ததே இல்லை. எனவே நிஸ்கலா குடும்பத்தின் வேட்டைக் குடிலுக்கு அவளும் கோர்டனின் தம்பி லைலும்தான் போவார்கள். லைல் ஊரில் கார் பட்டறை வைத்திருப்பவன், வாய் ஓயாதவன்.

விபத்துக்குப் பிறகு வந்த முதல் பருவத்தில்தான் அவளுக்குத் தன் கையின் நிலை முழுதாகப் புரிந்தது. அவளிடம் இருந்தது போல்ட் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும், பக்கத்தில் நீட்டியிருக்கும் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். மணிக்கட்டு திரும்பாதவளுக்கு அது துப்பாக்கியைத் தோளிலிருந்து மடிக்கு இறக்கி, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து செய்கிற வேலையாகிவிட்டது. இடது தோளில் வைத்துச் சுடலாமென்றால் இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். அந்த வருடம் ஒரு மான் அவளுடைய முதல் குண்டை வயிற்றில் வாங்கி, நின்று, திரும்பி அவளைப் பார்த்தது. இரண்டாவது குண்டுக்கு அது அத்தனை நேரம் கொடுத்தது. அவள் மடியில் வைத்துப் பிடியோடு போராடி முடிப்பதற்குள் சீடர் மரச் சதுப்புக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் வட்டமிட்ட இடத்துக்குப் போனபோது ஓநாய்கள் மிச்சம் வைத்திருந்தது எலும்பும் தோலும்தான்.

அந்த வாரமே போல்ட் துப்பாக்கியைக் கடையில் கொடுத்துவிட்டு, பழைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒன்றை வாங்கி வந்தாள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. காலித் தோட்டாவைத் தானே வெளியே எறிந்து அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விரலை விட்டு மறுபடி இழுத்தால் அடுத்த குண்டு. மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. தோளில் உதைப்பதும் கொஞ்சம் குறைவு.

குடில் வாசலில் அதை உறையிலிருந்து எடுத்தபோது லைல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"சரணடைஞ்சிட்டேன் தாயே! யார் மேல படையெடுக்கப் போற?"

"உன் வாய் மேலதான்."

"மானுக்குத்தான் பாவம். ஒரு குண்டு பட்டுச் செத்தா மானம் மரியாதையோட செத்தோம்னு இருக்கும். இது தையல் மெஷின் மாதிரி வரிசையா தைக்குமே."

"தைக்கட்டும். ரெண்டாவது தையலுக்கு ஆள் இல்லாம ஒரு மான் சதுப்புல கிடந்து ராத்திரி பூரா செத்துச்சு. அதுக்கு உன் மரியாதை என்ன பண்ணுச்சு?"

லைல் அதற்குமேல் பேசவில்லை. அன்று மட்டும்தான். மறுநாளிலிருந்து அந்தத் துப்பாக்கிக்குத் தையல் மெஷின் என்றே பெயர் வைத்துவிட்டான்.

அடுத்த நான்கு பருவங்களில் வெர்னா மூன்று மான் அடித்தாள். ஒன்று ஒரே குண்டில் விழுந்தது. மற்ற இரண்டுக்கும் இரண்டாவது குண்டு தேவைப்பட்டது. முதல் சத்தம் அடங்குமுன் அது போய்ச் சேர்ந்தது. மான் பத்தடி கூட ஓடவில்லை. துப்பாக்கியைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதான வருடம். நவம்பர் பதினைந்து, வேட்டை தொடங்கும் நாள். நான்கு அங்குலப் பனி புதிதாக விழுந்திருந்தது. காற்று இல்லை. குடிலுக்கு வடக்கே, மரம் வெட்டி எடுத்த ஒரு சரிவின் அடியில், கிளைகளை அடுக்கிய மறைப்புக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே நூற்றிருபது கஜத்தில் தரை மெல்ல ஏறி ஒரு முகட்டில் முடியும். அதற்கப்பால் வானம்.

எட்டு மணியைத் தாண்டியும் எதுவும் வரவில்லை. பூட்ஸுக்குள் கால்விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். ஃபிளாஸ்கைத் திறந்தாள், மூடினாள். எழுந்து நடந்துவிட்டால் என்ன என்று மனது ஏழெட்டு முறை கேட்டுவிட்டது. அப்போதுதான் வலப்பக்கப் புதரிலிருந்து இரண்டு பெண்மான்கள் வந்தன. அவற்றின் பின்னால், மூக்கைத் தரையில் வைத்தபடி, கொம்புமான்.

முதல் குண்டு முன்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே பட்டது. மான் முதுகை வளைத்துத் துள்ளியதில் அது தெரிந்தது. இரண்டாவது குண்டும் பட்டது. ஆனாலும் அது விழவில்லை. சரிவில் மேல்நோக்கி ஓடியது. வெர்னாவின் கண்முன் சதுப்பும் அண்டங்காக்கைகளும் வந்துபோயின. துப்பாக்கி தோளிலேயே இருந்தது, தோட்டா தயாராக இருந்தது. மான் முகட்டின் உச்சியில், வெறும் வானத்துக்கு எதிரே ஒரு கணம் கறுப்பாகத் தெரிந்தபோது மூன்றாவது குண்டும் போய்விட்டது.

பிறகு அமைதி. அவள் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைப் போட்டாள். மறைப்பை விட்டு வெளியே வந்து பார்த்தாள். பனியில் மூன்று சிறு துளைகள். சூடான பித்தளைத் தோட்டாக் கூடுகள் பனியை உருக்கிப் புதைந்த இடங்கள். மூன்றா என்று தனக்குள் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். மூன்றுதான்.

மான் முகட்டைத் தாண்டிப் பதினைந்து அடியில் செத்துக் கிடந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. துப்பாக்கியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு அதைப் புரட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் இரண்டு துளை. அந்தப் பக்கம் இரண்டு துளை. கொம்பைத் தடவினாள், காதைத் தடவினாள், கால்களைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது இல்லை.

நிமிர்ந்தாள். முகட்டின் இந்தப் பக்கத்துக்கு அவள் வந்து பல வருடம் ஆகியிருந்தது. கீழே மேப்பிள் காடு ஒரு ஓடை வரை இறங்கியது. ஓடைக்கப்பால், அரை மைல் தூரத்தில், மரங்களுக்கு நடுவே புகை. அங்கே ஒரு குடில் இருப்பது அவளுக்குத் தெரியும். தெற்கே உள்ள பே சிட்டி நகரத்திலிருந்து வேட்டைக்கு வருகிறவர்களுடையது. அதைப் பார்த்தபடி கண்ணைக் கீழே இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மானிலிருந்து இருபது கஜம் தள்ளி, சரிவின் குறுக்கே, புதிய பனியில் ஒரு மனிதனின் காலடித் தடம். பெரிய பூட்ஸ். ஓரம் கூடக் கலையாத தடம். அன்று காலையில் போனது. ஓடைப் பக்கமாகப் போயிருந்தது.

அவளுடைய குண்டு போன திசையும் அதுதான்.

லைல் இழுவைப் பலகையோடு வந்து சேர்ந்தபோது வெர்னா மானுக்குப் பக்கத்தில் இல்லை. தடத்தின் ஓரமாகக் கொஞ்ச தூரம் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள்.

"மூணு சத்தம் கேட்டுச்சு. தையல் மெஷின் இன்னைக்கு நல்லா ஓடுது போல!" என்று தொடங்கினான் அவன். பிறகு கொம்பைப் பார்த்தான். "அடேங்கப்பா! இந்த மாதிரி ஒண்ணு அப்பா காலத்துல கூட விழலையே!"

"லைல், இதைப் பாரு." தடத்தைக் காட்டினாள். "ரெண்டுதான் மான் மேல பட்டிருக்கு. மூணாவது இங்கிட்டு வந்திருக்கு."

லைல் தடத்தைப் பார்த்தான். முகட்டைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"வெர்னா, காடு எவ்வளவு பெருசு? குண்டு எவ்வளவு சின்னது? ஏதாவது மரத்துல பட்டு நின்னிருக்கும். கத்தியை எடு, இது விறைக்கிறதுக்குள்ள வயித்தைக் கிழிப்போம்."

"ஆள் போயிருக்கான்டா."

"போயிருக்கான் இல்ல? கால் இருந்திருக்கு, நடந்திருக்கான். விழுந்து கிடக்கானா பாரு, இல்ல. அப்புறம் என்ன?"

"கண்ணுக்கு எட்டுற வரைக்கும் இல்ல."

"நீ ஒண்ணு பண்ணு. சும்மா போய் எதையாவது கிளறி வைக்காத. வெளியூர்க்காரங்க. ஷெரீஃபுக்குப் போன் போடுவாங்க, லைசென்ஸ் போயிடும், துப்பாக்கி போயிடும்."

வெர்னா தன் பெயர் எழுதிய அனுமதிச் சீட்டை மானின் கொம்பில் கட்டினாள். துப்பாக்கியிலிருந்து மிச்சத் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாள். "நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு தடத்தைப் பிடித்து இறங்கினாள். பின்னாலிருந்து லைல் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு அவன் திட்டுவது மட்டும் கேட்டது.

தடம் அவசரமில்லாமல் போயிருந்தது. ஓரிடத்தில் நின்று சிறுநீர் கழித்திருந்தான். ஓரிடத்தில் விழுந்த மரத்தைத் தாண்டியிருந்தான். ஒவ்வொரு மரத்தைக் கடக்கும்போதும், அந்தப் பக்கம் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது கிடக்கிறதா என்று அவள் முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். எங்கும் பனிதான். பனியில் ரத்தம் தெரியாமல் போகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓடைக்கரையில் ஆல்டர் புதருக்குள் நுழைந்ததும் தடம் மான் கால்களோடு கலந்து, ஓடும் தண்ணீரில் இறங்கி மறைந்தது. மறு கரையில் மேலும் கீழுமாக நூறு கஜம் நடந்தும் அது ஏறிய இடம் தென்படவில்லை.

புகை வந்த குடிலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. தாடி வைத்த பருத்த மனிதர் ஒருவர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பெயர் நார்பர்ட் என்று சொல்லிக் கைகொடுத்தார்.

"முகட்டுக்கு அந்தப் பக்கமா நீங்க? வாங்க, வாங்க. சூப் கொதிக்குது. வேட்டை எப்படி?"

"ஒண்ணு விழுந்துச்சு" என்றாள் வெர்னா. "அங்க ஒரு தடம் பார்த்தேன். உங்க ஆளுதானா, என்னன்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"என் மச்சான் ஜெரோமா இருக்கும். என் தங்கச்சி வீட்டுக்காரன். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான். பத்தரைக்கு வந்து சூப் குடிக்கிறேன்னு சொன்னான், இன்னும் ஆளைக் காணோம். ரேடியோல கூப்பிட்டேன், பேச்சு மூச்சு இல்ல." நார்பர்ட் சிரித்தார். "எங்கயாவது தூங்கிட்டு இருப்பான் தடிப்பய. காபி தரட்டுமா?"

வெர்னா அவர் பின்னாலேயே உள்ளே போனாள். அவர் கொடுத்த கோப்பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் குடித்தாள். அடுப்பைச் சுற்றி நடந்தாள். ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள். சுவரில் ஒரு படம். நார்பர்ட்டும், ஒல்லியாக உயரமாக இன்னொருவனும், நடுவில் ஒரு பெண்ணும். ஒல்லியானவன் ஜெரோமாகத்தான் இருக்க வேண்டும்.

"உக்காருங்களேன், பார்க்கிற எனக்கே மூச்சு வாங்குது" என்றார் நார்பர்ட்.

வெர்னா கோப்பையை வைத்தாள்.

"நான் சும்மா வரல. எட்டேகால் மணிக்கு மூணு குண்டு சுட்டேன். மூணாவது மான் மேல படல. முகட்டுக்கு மேல நின்னப்ப சுட்டுட்டேன், பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கல. அது உங்க பக்கமா வந்திருக்கு. உங்க மச்சான் தடம் அங்கதான் போகுது. ஓடை வரைக்கும் தேடிட்டேன். அதுக்கப்புறம் தெரியல."

நார்பர்ட்டின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகத்தான் போனது. அவர் ரேடியோவை எடுத்து மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். இன்னொரு முறை. இரைச்சல். தொப்பியை எடுத்தார், அடுப்பிலிருந்த சூப்பை இறக்கி வைத்தார்.

"வந்ததும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"காபி குடிச்சிட்டு நின்னீங்க."

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. இருவரும் வெளியே ஓடினார்கள்.

அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி வெர்னா பிறகு யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. நார்பர்ட் ஓடையின் கீழ்ப்பக்கம் போனார், அவள் மேல்பக்கம் போனாள். அவர் ஜெரோம் ஜெரோம் என்று கத்துவது மரங்களுக்கிடையே கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரை அவளும் கத்தினாள். முன்பின் பார்த்திராத ஒருவனின் பெயர். ஓடையின் குறுக்கே இருந்த சிறு அணை ஒன்றின் மேல் ஏறும்போது வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தாள். கால்சட்டை உறைந்து பலகை போலானது. ஓரிடத்தில் சாய்ந்த மரத்தடியில் ஆரஞ்சு நிறம் தெரிந்து, கிட்டப் போனால் யாரோ எப்போதோ கட்டிய எல்லைத் துணி. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். அவள் வாழ்நாளில் காரணமில்லாமல் அசையாமல் நின்றது அந்த ஒரு முறைதான்.

நார்பர்ட்டின் விசில் கேட்டபோது மணி இரண்டாகப் போனது. இரண்டு நீண்ட விசில். நல்ல செய்திக்கு இரண்டு என்று ஓடைக்கரையில் பிரியும்போது பேசி வைத்திருந்தார்கள்.

ஜெரோம் சீடர் சதுப்பின் ஓரத்தில், ஒரு பெரிய மானைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். பழைய படத்தில் இருந்ததைவிட ஒல்லி. வேர்த்திருந்தான், தொப்பி கழற்றிய தலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நார்பர்ட் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதுகில் குத்திக்கொண்டிருந்தார்.

"ரேடியோ என்னடா ஆச்சு, முட்டாளே! ரேடியோ எதுக்குடா கொடுத்தேன்!"

"பேட்டரி போச்சு. என்ன மச்சான் இது, விடு, மூச்சு முட்டுது. யார் செத்துட்டா?"

வெர்னா பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பு வரை பனிக்கட்டி. தான் யார், என்ன செய்தாள் என்று நார்பர்ட்டிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள். ஜெரோம் கயிற்றைக் கீழே போட்டான்.

"அது நீங்களா?"

"ஆமா."

"ஓடையில குனிஞ்சு தண்ணி மொண்டுக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல துணி கிழியற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் பின்னாடி எங்கயோ மரத்துல டொக்குன்னு. நிமிர்ந்திருந்தா..." அவன் கையை நெற்றிக்கு முன்னால் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினான். "பத்து நிமிஷம் குப்புறப் படுத்துக் கிடந்தேன், தெரியுமா? என் வயசு நாப்பத்தொம்பது. சேத்துல மூஞ்சியை வெச்சுக்கிட்டு என் பொண்ணு பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"மன்னிச்சிடுங்கன்னு சொன்னா பத்தாது. தெரியும்."

"பத்தாது." அவன் குரல் உயர்ந்தது. "டப் டப் டப்புன்னு மூணு. குழாய்ல தண்ணி அடிக்கிற மாதிரி. செமி ஆட்டோமேட்டிக் தானே? அந்தச் சனியனைக் கையில வெச்சிருக்கிறவன் எவனுக்கும் குறி பாக்கத் தெரியாது. விரலை வெச்சு அமுக்கத்தான் தெரியும். ஏரியில தூக்கிப் போடுங்க அதை!"

வெர்னா தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, மணிக்கட்டின் கதையைச் சொல்லியிருக்கலாம். சட்டைக் கை மேலேறி அந்த நீண்ட தழும்பு வெளியே தெரிந்தபடிதான் இருந்தது. அவள் அதைக் கீழே இழுத்து மூடிக்கொண்டாள்.

"துப்பாக்கி தானா சுடல. நான் இழுத்தேன்" என்றாள்.

ஜெரோம் காறித் துப்பினான். குனிந்து கயிற்றை எடுத்தான். நார்பர்ட் ஒரு பக்கம் பிடித்தார். வெர்னாவும் இடது கையில் கயிற்றின் நுனியைச் சுற்றிக்கொண்டாள்.

"நீங்க விடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

அவள் விடவில்லை. "விடுங்கன்னு சொல்றேன்ல" என்று ஜெரோம் இன்னொரு தடவை சொன்னான். அப்போதும் விடவில்லை. குடில் வரை முக்கால் மைல். மூன்று பேரும் இழுத்தார்கள். ஓடையைக் கடக்கும் இடத்தில் ஜெரோம் தண்ணீர் மொண்ட கல்லைக் காட்டினான்; அதன் பின்னால் ஒரு மேப்பிள் மரத்தை வெறித்துப் பார்த்தான். மூவரும் கண்ணாலேயே தேடினார்கள். குறி எதுவும் தெரியவில்லை. குடிலின் முன் மானைப் போட்டதும் அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நார்பர்ட்தான் அவளுடைய கால்சட்டையைப் பார்த்துவிட்டு, தன் பழைய கம்பளிக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, வண்டியில் ஏற்றிச் சுற்று வழியாக அவளுடைய குடிலில் கொண்டுவிட்டார். இறங்கும்போது, "ஷெரீஃபுக்கு நான் சொல்ல மாட்டேன். ஜெரோம் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லல" என்றார்.

லைல் மானைக் கழுவித் தொங்கவிட்டிருந்தான். கொம்பு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்படி திருப்பிக் கட்டியிருந்தான். ஆண்பிள்ளைக் கால்சட்டையில் அவள் இறங்கி வருவதைப் பார்த்து வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். "உயிரோட இருக்கானா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் இறைச்சியும் கிழங்கும் பொதிந்த ஒரு பேஸ்டியைச் சூடாக்கி, தட்டில் வைத்து அவள் முன் தள்ளினான். அவள் அதை நின்றுகொண்டு, பாதி தின்றாள்.

அந்தப் பருவத்தில் அவள் மறுபடி காட்டுக்குப் போகவில்லை. எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது லாரிகளில் வரும் தடிகளின் வெட்டு முனையைப் பார்ப்பாள். மரத்துக்குள் உலோகம் இருந்தால் அறுக்கும்போது பிளேடு போய்விடும் என்பதால், மில்லில் தடிகளைச் சோதிக்க ஒரு கருவி உண்டு. அது சத்தம் போட்டால் கூண்டிலிருந்து ஓடிப்போய் என்னவென்று கேட்பாள். ஆணி என்பார்கள், வேலிக்கம்பி என்பார்கள்.

மே மாதம் பனி உருகியதும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடைக்கரைக்குப் போனாள். கல்லைக் கண்டுபிடித்தாள். பின்னால் நின்ற மரங்களைத் தரையிலிருந்து கைக்கெட்டும் உயரம் வரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அவள் போனில் சொன்னதைக் கேட்ட கோர்டன், பழுதுபார்க்கத் துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்து கூடவே போனான். அவனும் தேடினான். மதியம் ஆனதும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான்.

"கிடைச்சா என்ன பண்ணப் போற?"

"தெரியல. எவ்வளவு உயரத்துல போச்சுன்னு பாக்கணும்."

"அவன் தலைக்கு மேலன்னு அவனே சொல்லிட்டானே."

"எவ்வளவு மேல?"

கோர்டன் எழுந்து அடுத்த மரத்துக்குப் போனான். அன்று பொழுது சாயும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் அவள் பழைய மறைப்பைப் பிரித்துப் போட்டாள். முகட்டின் மேலேயே, இரண்டு ஓக் மரங்களுக்கிடையில், பதினான்கு அடி உயரத்தில் ஒரு பரண் கட்டினாள். அங்கிருந்து எந்தப் பக்கம் சுட்டாலும் குண்டு சரிவில், மண்ணுக்குள்தான் போகும். லைல் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கேட்டான்.

"இவ்வளவு பண்றதுக்கு அந்தத் தையல் மெஷினைத் தலைமுழுகிட்டு ஒத்தைக் குண்டு துப்பாக்கி வாங்கிடலாம்ல?"

"ரெண்டாவது வேணும் லைல். அதை மறக்க மாட்டேன். ஆணியை எடு."

"மூணாவது?"

"வாயை மூடிட்டு ஆணியை எடு."

நவம்பர் பதினான்காம் தேதி மாலை, இருட்டுமுன், அவள் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்று வழியாக பே சிட்டிக்காரர்களின் குடிலுக்குப் போனாள். துவைத்து மடித்த கம்பளிக் கால்சட்டையும் ஒரு பை நிறைய மான் சாசேஜும் கையில். நார்பர்ட் "ஓ!" என்று கத்திக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். ஜெரோம் மேஜையில் உட்கார்ந்து சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

வெர்னா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் முன் விரித்தாள். பென்சிலால் போட்ட படம்: முகடு, ஓடை, இரண்டு குடில், பரண்.

"நாளைக்கு நான் இங்க உக்காந்திருப்பேன். விடியறதுக்கு முன்னாடியிலிருந்து பதினொரு மணி வரைக்கும். தெற்குப் பக்கம் மட்டும்தான் சுடுவேன். லைல் இங்க. நாங்க வேற எங்கயாவது போகணும்னா முதல்ல வந்து சொல்லிட்டுப் போவோம்."

ஜெரோம் படத்தைத் தன் பக்கமாகத் திருப்பினான். நீண்ட நேரம் பார்த்தான். வெர்னா அங்கும் இங்கும் நகர்ந்தாள்.

"இன்னும் அதே துப்பாக்கிதானா?"

"அதேதான்."

"ம்." அவன் பென்சில் கேட்டு வாங்கினான். ஓடையின் கீழ்ப்பக்கம், சதுப்பை ஒட்டி, ஒரு சிறு வட்டம் போட்டான். "நான் இங்க. மத்தியானத்துக்கு மேல இங்க." இன்னொரு வட்டம். "நார்பர்ட் எங்கயும் போக மாட்டார். சூப்தான்."

"டேய்!" என்றார் நார்பர்ட் அடுப்பருகிலிருந்து.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பதினான்காம் தேதி அவள் போவாள். ஜெரோம் அவளிடம் சிரித்துப் பேசியதாக யாரும் பார்த்ததில்லை, கைகொடுத்ததும் இல்லை. ஒரு வருடம் பெரும்பனி விழுந்து பாதை அடைபட்டு அவளால் போக முடியாமல் போனது. அன்று ராத்திரி முழுக்கக் குடிலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து லைலைத் தூங்கவிடவில்லை. காலையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காமல், பனிக்காலணியை மாட்டிக்கொண்டு முகட்டின் வழியே கிளம்பினாள். பாதி வழியில், ஓடைக்கு இந்தப் பக்கம், எதிரே ஒரு ஆரஞ்சுத் தொப்பி மேலேறி வந்துகொண்டிருந்தது. ஜெரோம். அவன் கையிலும் துப்பாக்கி இல்லை. மடித்த தாள் ஒன்று இருந்தது.

"பாதை அடைச்சிருச்சு, வர முடியாதுன்னு நினைச்சேன்" என்றான் மூச்சு வாங்க. தாளை ஒரு மரத்தில் வைத்து விரித்தான். "சரி, சொல்லுங்க. எங்க உக்காரப் போறீங்க?"